ரத்தப் பைக்கு ஒளிக் காவல்!

"ரத்தம் ஏற்றணும், ஏற்பாடு பண்ணுங்க" என்று டாக்டர் சொன்னதுமே நம்மில் பலருக்கு இரண்டு கவலைகள் வந்துவிடும். ரத்தம் கிடைக்குமா என்பது ஒன்று. கிடைக்கிற ரத்தம் நல்ல ரத்தமாக இருக்குமா என்பது மற்றொன்று. முதல் கவலையை அண்ணன், தம்பி, கொழுந்தன், பக்கத்து வீட்டுப் பையன் என்று நாலு பேரைக் கூப்பிட்டுத் தீர்த்துவிடலாம். இரண்டாவது கவலை அவ்வளவு லேசில் தீராது. அதுவும் எங்கள் கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துப் பெண்களுக்கு 2018-க்குப் பிறகு அது மனசை விட்டுப் போகவே இல்லை.

அந்த வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி, சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தசோகை என்று ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைக் கொடுத்த இளைஞருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 2016-இலேயே ஒரு முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோது அது தெரிய வந்திருக்கிறது. ஆனால் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பின்னால் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் தாமாகவே ரத்த வங்கிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது! மனம் உடைந்துபோன அந்த இளைஞர் அந்த மாதமே உயிரை விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு செய்த பரிசோதனையில் தெரிந்ததுதான் ஒரே ஆறுதல். அந்தத் தாய்க்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரும்படி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதே வருஷம் உத்தரவிட்டது. பணம் வந்தாலும் போன ஆரோக்கியம் திரும்பி வருமா?

"ஏன்க்கா, பாலைக் காய்ச்சிக் குடிக்கிற மாதிரி ரத்தத்தையும் சுத்தம் பண்ணி ஏத்த ஒரு வழி இல்லையா?" என்று எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்விதான்! ரத்தத்தைக் காய்ச்ச முடியாது, கெட்டுப் போய்விடும். ஆனால் அடுப்புக்குப் பதிலாக வெளிச்சத்தை வைத்துக் கிருமியை அடக்கும் ஒரு முறை இருக்கிறது. சில நாடுகளில் அது தினசரிப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ரத்தம், மூன்று பை

ஒருவர் ஒரு தடவை கொடுப்பது 350 அல்லது 450 மில்லி ரத்தம். அதை அப்படியே யாருக்கும் ஏற்றுவது இப்போது குறைவு. இயந்திரத்தில் சுழற்றி, தயிரைக் கடைந்து வெண்ணெய் வேறு, மோர் வேறு என்று எடுப்பது போலப் பிரித்துவிடுகிறார்கள்.

ஒரு பையில் சிவப்பு அணுக்கள். ரத்தசோகைக்கும், பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களுக்கும் ஏற்றுவது இதைத்தான். குளிர்ப்பெட்டியில் ஐந்து, ஆறு வாரம் வரை இருக்கும்.

இன்னொரு பையில் பிளாஸ்மா என்ற மஞ்சள் நிற நீர். உறைய வைத்தால் ஒரு வருஷம் தாங்கும்.

மூன்றாவது, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். டெங்கு வந்த வீடுகளில் இந்தப் பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும். இதைக் குளிரில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்திலேயே, தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுளோ ஐந்தே நாள். அறை வெப்பத்தில் வைத்த சோறு புளிக்கிறது இல்லையா? அதே போல, ஊசி குத்தும்போது தோலிலிருந்து நாலு பாக்டீரியா உள்ளே போயிருந்தால், இந்தப் பையில் அவை பெருகிவிடும்.

சோதனைக்குத் தப்பும் கிருமி

"ரத்த வங்கியில்தான் எல்லாம் சோதிக்கிறாங்களே!" என்பீர்கள். உண்மை. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, மஞ்சள்காமாலை சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயம். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தார்கள். அதன் பிறகு 1989-இல் ரத்த வங்கிகளில் அந்தச் சோதனை கட்டாயமானது.

ஆனால் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கிருமி உடம்பில் புகுந்த உடனே சோதனையில் தெரியாது. வழக்கமான எச்.ஐ.வி. சோதனையில் தெரிவதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகலாம். நாட் என்ற நுட்பமான சோதனை அந்த இடைவெளியைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். ஆனால் அது எல்லா ரத்த வங்கிகளிலும் கட்டாயமில்லை. டெங்கு, சிக்குன்குனியா போன்ற காய்ச்சல் கிருமிகள் அந்த ஐந்து சோதனைகளில் சேரவே இல்லை. கடைசியாக, எந்தச் சோதனையையும் செய்கிறவர் மனிதர்தான். கை தவறும், கவனம் தவறும். சாத்தூர் சம்பவத்தில் இந்தக் கோணத்தில்தான் விசாரணை நடந்து, பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள்.

கிருமியைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலி. தேடலில் தப்பியதையும் செயல் இழக்கச் செய்வது இரண்டாவது வேலி. அந்த இரண்டாவது வேலிதான் ஒளி முறை.

கார்போகரிசியும் வெயிலும்

குழந்தைக்குக் குளியல் பொடி அரைக்கிற வீடுகளில் கார்போகரிசியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கறுப்பு விதை. வெண்புள்ளி நோய்க்கு இதைப் பூசி வெயிலில் காட்டுவது நம் பழைய வைத்தியம். எகிப்து நாட்டிலும் வேறொரு செடியின் விதையை இப்படியே பயன்படுத்தினார்கள். மருந்து மட்டும் போதாது, வெயிலும் வேண்டும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டிருக்கிறார்கள், பாருங்கள்!

கார்போகரிசியில் உள்ள சத்துக்கு சொராலென் என்று பெயர். 1933-இல் நம் நாட்டு ரசாயன ஆராய்ச்சியாளர்களே அதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். எலுமிச்சையிலும் இந்த இனத்துப் பொருள் இருக்கிறது. கை நிறைய எலுமிச்சைச் சாறு பட்டதோடு உச்சி வெயிலில் நின்றால் தோல் கன்றிக் கறுத்துப் போவது அதனால்தான். இருட்டில் சாதுவாக இருக்கும் பொருள், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் வீரியம் பெற்றுவிடுகிறது.

இந்தச் சொராலென் குடும்பத்தைச் சேர்ந்த, ஆலையில் தயாரித்த அமோட்டோசாலென் என்ற மருந்தைத்தான் ரத்தப் பைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

பைக்குள் நடப்பது என்ன?

பிளேட்லெட் அல்லது பிளாஸ்மா உள்ள பையில் இந்த மருந்தைக் கலக்கிறார்கள். அது கிருமியின் உள்ளே புகுந்து, அதன் மரபுச் சரத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு பையைப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் சில நிமிஷங்கள் வைக்கிறார்கள். ஒளி பட்டதும் மருந்து அந்தச் சரத்தின் இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. பையின் ஜிப்பை நடுவில் ஊசி நூலால் தைத்துவிட்டால் திறக்க வருமா? அதே கதிதான் கிருமிக்கும். சரம் திறந்தால்தான் அது ஒன்று இரண்டாகப் பெருக முடியும். திறக்க முடியாத கிருமி, இருந்தும் இல்லாததற்குச் சமம்.

"அப்போ நல்ல அணுவையும் தைச்சிடாதா?" என்று கேட்கலாம். பிளேட்லெட்டுக்குக் கரு கிடையாது. பெருக வேண்டிய வேலையும் இல்லை. அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் மருந்தை, உறிஞ்சும் பொருள் உள்ள வேறொரு பையில் சில மணி நேரம் வைத்து எடுத்துவிடுகிறார்கள். இந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு. பையில் தங்கியிருக்கும், பிறர் உடம்பில் போய்த் தொல்லை கொடுக்கக்கூடிய வெள்ளை அணுக்களும் அடங்கிவிடும்.

இதே வேலைக்கு இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று ரிபோஃப்ளேவின். பயந்துவிடாதீர்கள், பாலிலும் கீரையிலும் இருக்கிற பி2 வைட்டமின்தான் அது! பாலை வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்தால் இந்தச் சத்து அழிந்துவிடும்; அவ்வளவுக்கு ஒளியோடு வினைபுரியும் குணம் உள்ளது. கிருமியின் மரபுச் சரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒளி பட்டதும் அதைச் சிதைக்கிறது. மற்றொன்று மெதிலின் நீலம் என்ற சாயம். சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்யும். ஆனால் பிளாஸ்மாவுக்கு மட்டும்தான். ஜெர்மனியில் 1990-களின் தொடக்கத்திலேயே இதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பது இன்று நேற்றுக் கண்டதல்ல. மியூனிக் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் செய்த சோதனை 1900-இல் வெளிவந்தது. ஒரே சாயத்தில் போட்ட நுண்ணுயிர்கள் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, ஒரு நாள் மெதுவாகச் செத்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், அறைக்குள் விழுந்த வெளிச்சம்தான்!

தமிழர் போய்க் குடியேறிய தீவில்

இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழ் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறிய இடம். இன்றும் அங்கே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோவில்கள் இருக்கின்றன.

2005, 2006-இல் அந்தத் தீவைச் சிக்குன்குனியா பிடித்து ஆட்டியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல்! (2006-இல் நம் தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு மூட்டு வலியோடு கிடந்தது நினைவிருக்குமே.) இத்தனை பேருக்குத் தொற்று என்றால் யாரிடம் ரத்தம் எடுப்பது? 2006 ஜனவரியில் தீவில் ரத்தம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். சிவப்பு அணுக்களும் பிளாஸ்மாவும் பிரான்சிலிருந்து விமானத்தில் வந்தன. ஆனால் ஐந்தே நாள் ஆயுள் உள்ள பிளேட்லெட்டுக்கு அவ்வளவு தூரத்தை நம்பியிருக்க முடியுமா? எனவே பிளேட்லெட்டை மட்டும் தீவிலேயே எடுத்து, அமோட்டோசாலென் கலந்து, ஒளி காட்டி, நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் ஏற்றினார்கள். அந்தப் பைகள் வழியாகச் சிக்குன்குனியா பரவியதாகக் காணப்படவில்லை.

சுவிட்சர்லாந்தில் 2011 முதல் பிளேட்லெட் பை அத்தனையும் இப்படிச் சுத்தம் செய்த பிறகே வருகிறது. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். பிரான்ஸ் 2017-இல் நாடு முழுவதும் கொண்டுவந்தது.

ஒளி எட்டாத பை

இவ்வளவு நல்ல முறை என்றால் சாத்தூர்ப் பெண்ணை இது காப்பாற்றியிருக்குமா? இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைப் பாருங்கள். தட்டின் அடி தெரிகிறதா? சிவப்பு அணுக்கள் நிறைந்த பையும் அப்படித்தான். அதன் சிவப்புச் சாயமே ஒளியைக் குடித்துவிடும். உள்ளே இருக்கும் கிருமி வரைக்கும் போதிய ஒளி போய்ச் சேராது. ரத்தசோகைக்கும் பிரசவத்துக்கும் ஏற்றுகிற அந்தப் பைக்கு, பிளேட்லெட்டுக்குச் செய்வது போல இன்று ஒளிக் காவல் போட முடியவில்லை. ஒளி இல்லாமல் மருந்தாலேயே செய்யும் வழிகளை ஆராய்ந்து வருகிறார்கள்.

பிரிக்காத முழு ரத்தத்தில் பி2 வைட்டமினையும் புற ஊதா ஒளியையும் வைத்து 2014-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், குமாசி நகரில் ஒரு சோதனை நடந்தது. மலேரியாக் கிருமி இருந்த ரத்தம் ஏறியவர்களில், ஒளி காட்டாத ரத்தம் பெற்ற 37 பேரில் 8 பேருக்கு அது தொற்றியது. ஒளி காட்டியதைப் பெற்ற 28 பேரில் ஒருவருக்குத்தான் தொற்றியது. நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனாலும் முழுக் காவல் இல்லையே!

வேறு குறைகளும் உண்டு. மஞ்சள்காமாலை ஏ, இ போன்ற, கொழுப்பு உறை இல்லாத சில வைரஸ்கள் இதற்கு அடங்குவதில்லை. ஒளி காட்டிய பிளேட்லெட், நோயாளியின் உடம்பில் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைவாகவே உயர்த்துகிறது. செலவும் அதிகம். நம் நாட்டில் இது கட்டாயமில்லை.

பச்சைக் குழந்தை விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்று நீல விளக்கில் வைக்கிறார்கள் அல்லவா? சில வகை விளக்குகளின் ஒளி, புற ஊதாவை ஒட்டி இருக்கும். அத்தகைய விளக்கில் இருக்கும் குழந்தைக்குச் சொராலென் முறையில் சுத்தம் செய்த பிளேட்லெட்டை ஏற்றக் கூடாது. தோல் சிவந்து போகும். டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாலும், குழந்தை நீல விளக்கில் இருக்கிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லிவைப்பது தாயின் கடமை.

இன்னொன்று. இதெல்லாம் பைக்கு வெளியே செய்யும் காரியம். "ரத்தம் சுத்தியாகும்" என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காகக் கார்போகரிசியைத் தின்றுவிட்டு வெயிலில் நிற்க வேண்டாம். தோல் வெந்து புண்ணாகிவிடும்.

நம் கையில் இருக்கும் காவல்

அப்படியானால் நமக்கு எது பாதுகாப்பு? தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் ஓடிவிட்டு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுகிற நம் பக்கத்துப் பெண்களைப் பார்த்தால் இது ஆச்சரியமாகவா இருக்கிறது?

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் ஆபத்தான சோகை. முதல் பரிசோதனையிலேயே அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஆரம்பத்திலேயே மாத்திரையால் சரிசெய்யலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றும் வழியும் ஆஸ்பத்திரியில் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது மாதம் வரை விட்டுவிட்டால்தான் ரத்தப் பையைத் தவிர வேறு வழி இல்லாமல் போகும்.

- அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் விடாமல் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம்.
- மாத்திரையோடு காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் ஏறும்.
- கரிசல் காட்டில் விளையும் கம்பு, உளுந்து, எள், வேலியோரத்து முருங்கைக்கீரை இவற்றைத் தினசரிச் சாப்பாட்டில் சேருங்கள். அசைவம் உண்டென்றால் ஈரல், சுவரொட்டி மிகவும் நல்லது.
- குடல் புழுவுக்கு மருந்து எப்போது சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கூடாது.
- டெங்குவில் பிளேட்லெட் குறைந்தது என்றாலே ஏற்ற வேண்டும் என்பதில்லை. எண்ணிக்கை, ரத்தக்கசிவு இரண்டையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஏற்றச் சொல்லி நாமாக நெருக்கக் கூடாது.

ஏற்றியே ஆக வேண்டும் என்றால் தயங்காதீர்கள். பயந்து தள்ளிப்போட்டு உயிரை இழப்பது அதைவிடக் கொடுமை. அரசு அனுமதி பெற்ற ரத்த வங்கியிலிருந்து வந்ததா, ஐந்து சோதனையும் முடிந்ததா, நாட் சோதனை உண்டா, இப்போதே ஏற்றுவது அவசியமா என்று பணிவோடு கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

கொடுக்கும் பக்கத்திலும் நமக்குப் பொறுப்பு உண்டு. வீட்டு ஆண்பிள்ளைகள் ரத்தம் கொடுக்கப் போனால், ரத்த வங்கியில் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். சொந்தக்காரர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், "இன்றைக்குக் கொடுக்க முடியாது" என்று ஒதுங்கிவிட்டாலும் போதும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. சரியான விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொடுக்கட்டும். சோதனையில் ஏதாவது தெரிந்தால் அவர்களுக்குத் தகவல் வர வேண்டும் அல்லவா? அந்த ஒரு தகவல் 2016-இலேயே போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையும், ஓர் இளைஞரின் உயிரும் தப்பியிருக்கும்.

பெண்களும் கொடுக்கலாம். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மட்டும் பொறுத்திருங்கள்.

விஞ்ஞானிகள் ஒளியைக் கொண்டு பிளேட்லெட் பையைக் காக்கக் கற்றுவிட்டார்கள். சிவப்புப் பைக்கும் ஒரு நாள் வழி கண்டுபிடிப்பார்கள். அதுவரை மாத்திரை டப்பாவும், முருங்கைக்கீரையும், ஒளிவு மறைவு இல்லாத ரத்ததானமும்தான் நமக்குக் காவல். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், அவளுடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இன்றைக்கே கேட்டுவிடுங்களேன்!